தங்கப் பள்ளத்தாக்கும் நம்மூர் இட்டேரியும்

ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வண்டியில் போகாதே, நடந்து போ என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரியான பேச்சுதான். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அதற்கு முன்னால் இன்னொரு வரியைச் சேர்க்க ஆசைப்படுகிறேன். நடந்து போக முதலில் பாதை இருக்க வேண்டும். அந்தப் பாதை கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கணக்கில் ஏறினால் மட்டும் போதாது, நாலு பேர் அதில் நடந்துகொண்டும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் நிலைக்காது.

இதைச் சொல்வதற்கு இங்கிலாந்தில் இருக்கும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கையும், அதன் பழைய ஊர்களையும், தேவாலயங்களையும் சாட்சிக்கு அழைக்கிறேன். 'மகளைப் பார்க்கப் போய்விட்டு வந்து சீமைப் பெருமை பேசுகிறான்' என்று நினைத்துவிட வேண்டாம். கடைசிவரை படியுங்கள். முடிக்கும்போது நம் ஊருக்குத்தான் வருவேன்.

மகளுக்கு ஹெரிஃபர்ட் என்ற ஊரில் வேலை. இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லைக்குப் பக்கம். அந்த ஊரிலிருந்து இன்னும் மேற்கே போனால் டோர் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆறு என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள், நம்மூரில் அதற்கு ஓடை என்றுதான் பெயர். ஆனால் வற்றாத ஓடை. அந்தப் பள்ளத்தாக்குக்குத் 'தங்கப் பள்ளத்தாக்கு' என்று பெயர். அங்கே தங்கம் ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. வேல்ஸ் மொழியில் தண்ணீருக்கு 'டூர்' என்று சொல்வார்கள். அங்கே வந்த நார்மன்கள் அதைத் தங்கள் பிரெஞ்சுக் காதால் கேட்டு, தங்கத்தைக் குறிக்கும் 'தோர்' என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். தண்ணீர் தங்கமான கதை. நம் பக்கத்து ஜனங்களுக்கு இது தவறாகவே தோன்றாது. தண்ணீர்தானே தங்கம்.

மூன்று சனிக்கிழமைகளில், மூன்று துண்டாக, நானும் என் வீட்டு அம்மாவும் அந்தப் பள்ளத்தாக்கை நடந்தே பார்த்தோம். காலையில் மகள் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வாள். டோர்ஸ்டனில் தொடங்கி பீட்டர்சர்ச், வவ்சர்ச், பேக்டன், கடைசியாக அபி டோர். அறுபத்தெட்டு வயது முழங்காலுக்கு அது தாராளம்.

முதல் நாள் டோர்ஸ்டனுக்கு மேலே உள்ள குன்றில் 'ஆர்தரின் கல்' என்று ஒன்றைப் பார்த்தோம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஈமச்சின்னம். பெரிய பலகைக்கல் ஒன்றைச் சிறிய கற்கள் தாங்கி நிற்கின்றன. நம் கொங்கு நாட்டிலும் பெருங்கற்காலக் கல்லறைகள் உண்டு, கொடுமணல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். காலம் வேறு, மக்கள் வேறு. ஆனாலும் செத்தவனைக் கல்லுக்கு அடியில் வைத்து நினைவில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் தோன்றியிருக்கிறது.

அங்கிருந்து இறங்கும் பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு உயிர்வேலி. நடுவில் ஒரு வண்டி போகிற அகலம், தரை இரண்டு பக்க நிலத்தையும் விடத் தாழ்ந்து கிடக்கிறது. வேலிக்குள்ளே குருவிச் சத்தம். என் வீட்டு அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நம்மூரு இட்டேரியாட்டமே இருக்குதுங்களே!" என்றார்.

அப்படியேதான் இருந்தது. நம் பக்கத்தில் கிளுவையும் கள்ளியும் இருக்கும், அங்கே ஹாதார்ன் என்ற முள்மரமும் ஹேசலும் இருக்கின்றன. வேலி மரத்தை மாற்றிவிட்டால் இட்டேரி இட்டேரிதான்.

வித்தியாசம் வழிகாட்டிக் கம்பத்தில் இருந்தது. பாதை சாலையை விட்டுப் பிரியும் இடத்தில் 'பொது நடைபாதை' என்று பலகை. வயலுக்குள் நுழையும் இடங்களில் சின்னதாக ஒரு மஞ்சள் அம்புக்குறி. மஞ்சள் என்றால் நடந்து போகிறவர்களுக்கு, நீலம் என்றால் குதிரையிலும் சைக்கிளிலும் போகலாம். வேலி குறுக்கே வந்தால் ஏறி இறங்க மரப்படி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ஆள் மட்டும் நுழைய வேலியில் விடுகிற கடவு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியைச் சரியாக வைத்திருப்பது நிலத்துக்காரர் பொறுப்பு.

ஓர் இடத்தில் பாதை நேராக ஒரு கோதுமைக் காட்டுக்கு நடுவில் போயிற்று. வளர்ந்து நிற்கிற வெள்ளாமைக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தலைவகிடு எடுத்தாற்போல வெறும் தரை. எனக்குக் கால் எழவில்லை. அடுத்தவன் வெள்ளாமைக்குள் எப்படி இறங்குவது? தூரத்தில் டிராக்டரில் இருந்த விவசாயி கையை நீட்டி, 'போங்க, போங்க' என்று சாடை காட்டினார். அவர் அப்படிக் காட்டியது தயவினால் மட்டும் இல்லை. அங்கே சட்டம் அப்படி. பாதை மேல் உழ வேண்டி வந்தால் உழலாம், ஆனால் முதல் உழவுக்குப் பிறகு 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப நடக்கும்படி ஆக்கிவிட வேண்டும். அதன்பின் செய்யும் வேலைகளுக்கு 24 மணி நேரம்தான் தவணை. நிலம் அவருடையது. அதன் மேல் நடக்கிற உரிமை ஊருக்குப் பொது. இரண்டும் ஒரே மண்ணில் சண்டையில்லாமல் கிடக்கின்றன.

அளவைக்காரன் மூளை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லி அந்தச் சட்டங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். 1949-ல் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் பொதுப் பாதைகள் எவையெவை என்று அளந்து, முடிவான வரைபடம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்கெடுப்பில் முதல் வேலையைச் செய்தவர்கள் கிராம அளவில் இருந்த ஊர்ச் சபைகள். எந்தப் பாதையில் யார் எத்தனை காலமாக நடக்கிறார்கள் என்பது ஊர்க்காரனுக்குத்தானே தெரியும்! அப்படி வரைபடத்தில் ஏறிய பாதை, சட்டப்படி யாரும் மாற்றாதவரை என்றைக்கும் பாதைதான். 'ஒருமுறை பொதுவழி என்றால் எப்போதும் பொதுவழி' என்பது அவர்கள் நீதிமன்றத்தின் பழைய கொள்கை. வரைபடத்தில் ஏறாத பாதைக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டு தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல் ஜனங்கள் நடந்திருந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுவுக்கு விட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 1,40,000 மைல் பாதை இருக்கிறது.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் மனமுவந்து கொடுத்த தானம் என்று நினைக்கக் கூடாது. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பணக்காரர்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். வாரம் முழுக்க மில்லில் புகையைக் குடித்தவன் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மேட்டில் நடக்கக் கேட்ட உரிமை அது. மில்லில் மூன்று ஷிப்ட் பார்த்த நம் ஊர் ஆட்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

இனித் தேவாலயங்களுக்கு வருகிறேன். பாதைக்கும் தேவாலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பாதையில் நடந்தாலும் அது ஒரு தேவாலய வாசலில் போய் முடிகிறது. ஜனங்கள் ஞாயிறுதோறும் நடந்து நடந்து போட்ட வழிகள் அவை. பிள்ளைக்குப் பெயர் வைக்க, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று தலைமுறை தலைமுறையாக நடந்த தடம்.

பீட்டர்சர்ச்சில் இருப்பது நார்மன் காலத்துக் கட்டடம். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள், நம் கோயிலில் மகாமண்டபம், அர்த்தமண்டபம் தாண்டிக் கருவறை தெரிவது போல. சுவரில் ஒரு மீன் சிற்பம், அதன் கழுத்தில் தங்கச் சங்கிலி. அப்படி ஒரு மீன் அந்த ஆற்றில் பிடிபட்டது என்று கதை. அதைவிட எனக்குப் பிடித்தது கோபுரத்தின் கதை. பழைய கல் கூம்பு பழுதாகி 1949-ல் இறக்கிவிட்டார்கள். 1972-ல் அதே இடத்தில் கண்ணாடி இழையில் செய்த கூம்பு ஒன்றை ஏற்றி வைத்தார்கள். கல்லுக்குப் பதிலாக பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் ஊருக்குக் கோபுரம் வேண்டும், கையில் இருக்கிற காசு இவ்வளவுதான் என்றால் வேறு என்ன செய்வது? தேவாலயத்துக்குள்ளேயே ஊர் நூலகத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் குறைந்தாலும், புத்தகம் எடுக்க வருகிறவன் காலடி கதவைத் திறந்து வைக்கிறது.

வவ்சர்ச்சும் டர்னஸ்டோனும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு கூப்பிடு தூரத்தில் எதற்கு இரண்டு தேவாலயம்? அக்கா தங்கை இரண்டு பேருக்குள் சண்டை வந்து, 'நீ ஒரு கல்லைப் புரட்டுவதற்குள் நான் என் கோயிலைக் கட்டி முடிப்பேன்' என்று ஒருத்தி சபதம் போட்டாளாம். அவர்கள் மொழியில் 'வவ்' என்றால் சபதம், 'டர்ன் எ ஸ்டோன்' என்றால் கல்லைப் புரட்டு. ஊர்ப் பெயருக்கு ஏற்றாற்போலக் கட்டிய கதை என்பது தெரிகிறது. இருக்கட்டும், நம் தலபுராணங்களில் இல்லாததா? வவ்சர்ச் தேவாலயத்துக்குள் கூரையைத் தாங்குவது பெரிய மரத்தூண்கள். சுவர் இருக்கிறது, ஆனால் பாரம் தூண் மேல். பண்ணையில் பெரிய கொட்டகைக்குள் நிற்பது போல இருந்தது.

டர்னஸ்டோன் பக்கத்து ஆற்றோரப் புல்வெளிகளைப் பற்றி நம் விவசாய நண்பர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ரோலண்ட் வான் என்ற பண்ணைக்காரர் இருந்தார். வளை எலி போன்ற ஒரு பிராணி தோண்டிய பொந்து வழியாக மில் வாய்க்காலிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடுவதையும், அந்த இடத்தில் மட்டும் புல் செழித்திருப்பதையும் பார்த்தாராம். அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, புல்வெளிக்கு மெல்லிய தண்ணீர் பாய்ச்சினார். குளிர் முடியும் முன்பே புல் தலையெடுத்தது. 1610-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். மழை பெய்துகொண்டே இருக்கிற நாட்டில் நீர்ப்பாய்ச்சலைப் பற்றிப் புத்தகம்! அந்தப் புல்வெளியைப் பொதுப் பாதையில் போகிற யாரும் பார்க்கலாம்.

மூன்றாவது வாரம் பேக்டன். சின்னஞ்சிறு ஊர், சின்னஞ்சிறு தேவாலயம். முதலாம் எலிசபெத் ராணியிடம் ஆயுள் முழுக்கப் பணிசெய்த பிளான்ச் பாரி என்ற அம்மாள் இந்த ஊர்க்காரர். ரோலண்ட் வானுக்கும் அவர் உறவு. ராணியின் காலடியில் அவர் மண்டியிட்டிருப்பது போல ஒரு நினைவுச் சின்னம் உள்ளே இருக்கிறது. அந்தத் தேவாலயத்தில் பூ வேலை செய்த பழைய பீடத்துணி ஒன்று ஏறக்குறைய நூறு வருஷமாகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அரண்மனை உடைகளை ஆராய்கிறவர்கள் வந்து பார்த்து, அது எலிசபெத் ராணியின் உடையிலிருந்து வெட்டிய துணியாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். 2019-ல் அதை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைத்தார்கள். ராணியின் உடைகள் எல்லாம் மறைந்து போக, ஒரு துண்டு மிஞ்சியது காட்டு ஊரின் திறந்த தேவாலயத்தில்.

திறந்த தேவாலயம் என்றேன். நாங்கள் நடந்த வழியில் போன தேவாலயங்களின் கதவெல்லாம் தள்ளினால் திறந்தன. காவலுக்கு ஆள் இல்லை. ஒன்றில் தண்ணீர் சூடு பண்ணும் கெட்டிலும், டீத்தூளும், பிஸ்கட்டும் வைத்து, காசு போட ஒரு டப்பாவும் வைத்திருந்தார்கள். என் வீட்டு அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, டப்பாவில் காசையும் போட்டுவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வேறு மதம், வேறு தேசம். ஆனால் வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த நம் ஜனங்களுக்கு அது வேறு ஊராகத் தெரியவில்லை.

கடைசி ஊர் அபி டோர். 1147-ல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காகத் தொடங்கிய மடம். எட்டாம் ஹென்றி ராஜா மடங்களை எல்லாம் கலைத்தபோது 1536-ல் இதுவும் போயிற்று. கூரை போன கட்டடத்தில் மாடு ஒதுங்கியதாகவும், மழையில் புத்தகம் நனையாமல் இருக்கப் பாதிரியார் ஒரு வளைவுக்கு அடியில் நின்று ஜெபம் வாசித்ததாகவும் சொல்கிறார்கள். நூறு வருஷம் கழித்து ஸ்கடமோர் பிரபு என்பவர், ஜான் ஏபல் என்ற தச்சரை வைத்து மரக்கூரை போட்டு, 1634-ல் மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தார். பழைய கோயிலின் நீண்ட முன்மண்டபம் திரும்ப வரவில்லை. எஞ்சியிருப்பதே நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொன்றும் பார்த்தேன். வயல்களுக்கு நடுவே ஒரு மண்மேடு நீளமாகப் போகிறது. பழைய ரயில் பாதை. 1881-ல் டோர்ஸ்டன் வரை ரயில் வந்தது, 1889-ல் ஹே என்ற ஊர் வரை நீட்டினார்கள். 1941-ல் பயணிகள் ரயில் நின்றுவிட்டது. இரும்பும் மூலதனமும் போட்டுக் கட்டிய பாதையில் பயணிகள் ரயில் அறுபது வருஷம்தான் தாக்குப்பிடித்தது. மூலதனமே இல்லாமல் ஜனங்களின் கால் போட்ட பாதை அதற்குப் பல நூற்றாண்டு முன்பும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

எல்லாம் அங்கே ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. இரண்டு இடத்தில் மரப்படி உளுத்துப்போய்க் கிடந்தது. ஓர் இடத்தில் இடுப்புயரம் தொட்டால் எரியும் செடி. நாயை அவிழ்த்துவிட்டு வந்து ஆடுகளைக் கலைக்கிறார்கள், கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று விவசாயிகளுக்கு நியாயமான மனக்குறை உண்டு. பழைய பாதைகளை வரைபடத்தில் ஏற்ற 2026-தான் கடைசி என்று 2000-ம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. பிறகு அது 2031-க்குத் தள்ளிப்போனது. கெடுவையே எடுத்துவிடப் போவதாக 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அவர்களுக்கே வேலை முடியவில்லை. ஆனால் இழுபறி நடப்பது பாதையைக் காப்பாற்றுவதைப் பற்றி என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நம் ஊர்.

நான் வேலை பார்த்த காலத்துப் பழைய புலப்படங்களில் அளவெல்லாம் சங்கிலிக் கணக்கில் இருக்கும். 66 அடி, 100 லிங்க்ஸ். எட்மண்ட் கன்ட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 1620 வாக்கில் வகுத்த சங்கிலி அது. கிரிக்கெட் ஆடுகிறார்களே, அந்த 22 கெஜமும் ஒரு சங்கிலிதான். அதே சங்கிலியைப் போட்டு அந்த நாட்டையும் அளந்தார்கள், நம் நாட்டையும் அளந்தார்கள். அங்கே படத்தில் விழுந்த பாதை தரையிலும் இருக்கிறது. இங்கே படத்தில் இருக்கிற பாதையைத் தரையில் தேட வேண்டியிருக்கிறது.

நமக்குச் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசுச் சொத்து என்று இரண்டாவது பிரிவிலேயே சொல்கிறது. இங்கிலாந்துக்காரன் 1949-ல் சட்டம் போட்டான் என்றால் நம்மிடம் அதற்கு நாற்பத்து நான்கு வருஷம் முன்பே இருக்கிறது. 'அ' பதிவேட்டைப் புரட்டினால் 'வண்டிப்பாதை' என்று புல எண்ணோடு எழுதியிருக்கும். புலப்படத்தில் கோடு போட்டு அகலம் குறித்திருக்கும்.

ஆனால் நம்மிடம் அந்தப் படம் அலுவலகப் பீரோவில் இருந்தது, அவர்களிடம் அது நடக்கிறவன் கையில் இருந்தது. ஹெரிஃபர்ட்டில் கடைக்குப் போய்ச் சில பவுன் கொடுத்தால், ஒவ்வொரு நடைபாதையும் பச்சைப் புள்ளிக்கோட்டில் போட்ட வரைபடம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, நம் ஊரில் பாதையின் படத்தை ஜனங்கள் முதன்முதலாகப் பார்ப்பது வழக்கு வந்த பிறகுதான்.

எங்கள் ஊரிலிருந்து ஆற்றுக்குப் போகிற இட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடம் போன வழி அது. இரண்டு பக்கமும் கிளுவை, ஊடே பிரண்டையும் கோவைக்கொடியும். ஆற்றோரக் கன்னிமார் கோயிலுக்கும் அதுதான் வழி. பைக் வந்தது, தார் ரோடு வந்தது, நடக்கிறவர்கள் குறைந்தார்கள். முதலில் ஒருவர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார். அடுத்தவர் அதைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஒரு முழம். பத்து வருஷத்தில் இட்டேரி ஒற்றையடிப் பாதையானது. இப்போது நடுவில் கம்பிவேலி நிற்கிறது. கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கத் தார் ரோட்டில் சுற்றி, ஒரு தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவரும் நல்ல மனிதர்தான், தடுப்பதில்லை. ஆனால் உரிமையாக இருந்தது இன்றைக்கு அனுமதியாக ஆகிவிட்டது. அவர் மகன் காலத்தில் அந்த அனுமதி இருக்குமா?

'நடைப்பயிற்சி போக இவ்வளவு பேச்சா, சீமைக்காரனுக்குப் பொழுது போகவில்லை, நடக்கிறான்' என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். நம் ஊரில் பாதை என்பது பொழுதுபோக்கு அல்ல என்றேன். சிறு விவசாயி தேங்காயையும் மஞ்சளையும் வெளியே கொண்டுவருவது அதில்தான். வண்டிப்பாதை அடைபட்டால் உள்காட்டுக்காரன் நிலத்தை வந்த விலைக்குப் பக்கத்துக்காரருக்கே விற்க வேண்டியதுதான். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. சுடுகாட்டுக்குப் பாதையில்லாமல் நெல் வயலுக்குள் இறங்கிப் பிணம் தூக்கிப் போகிற படத்தைப் பேப்பரில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அப்படிப் போகிறவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதையில்லாத கஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. நிலம் இல்லாதவனுக்குத்தான் பொதுப்பாதை உயிர்.

ஆகவே என் கருத்து இதுதான். புதுச் சட்டம் எதுவும் கேட்க வேண்டாம். படமும் காலும் போதும். இப்போது 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பான். உங்கள் ஊரில் பாதை, வண்டிப்பாதை என்று எழுதியிருக்கிற புல எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. அந்தத் தாளை வாசித்து, பட்டியலைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். யார் ஆக்கிரமித்தார் என்று பேரைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். பாதை எங்கே என்று மட்டும் பதிந்தால் போதும். மற்றதைப் பிறகு அளந்து கொள்ளலாம், அளக்க ஆள் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடங்கள். நம் வயசுக்காரர்களுக்கு டாக்டர் எப்படியும் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருப்பார். ஊரில் இருக்கிற நாட்களில் தார் ரோட்டில் லாரிக்குப் பயந்து நடப்பதைவிட, மிச்சம் இருக்கிற இட்டேரியில் நாலு பேர் சேர்ந்து நடக்கலாம். கையில் ஒரு தடி இருக்கட்டும், பாம்புக்கும் ஆகும், முள்ளை ஒதுக்கவும் ஆகும். தினமும் கால் படுகிற மண்ணில் வேலிக்கல் நட யாருக்கும் எளிதில் கை வராது.